விழுந்துருச்சு

ஆவுடையப்பனுக்கு அரசு வேலை கிடைத்ததே அடி வாங்கத்தான். நியமன ஆணையில் அப்படி எழுதியிருக்கவில்லை. ‘முடிவு உரைப்பாளர், தெற்கு மண்டலப் புற்றுநோய் நிலையம்’ என்றுதான் இருந்தது. ஆனால் தகுதி என்ற இடத்தில், பிளஸ் டூ தேர்ச்சிக்கு அடுத்த வரியில், ‘கபடி, மல்யுத்தம், குத்துச்சண்டை இவற்றில் ஒன்றை மாநில அளவில் ஆடியவராக இருத்தல் விரும்பத்தக்கது’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். தன்னைத்தான் விரும்புகிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துவிட்டான்.

அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் மூன்று பேர் இருந்திருந்தார்கள். முதலாமவர் தமிழ் எம்.ஏ. எட்டு நாளில் தாடை போனது. இரண்டாமவர் மனநல ஆலோசகர். துயரச் செய்தியைக் கனிவாகச் சொல்வதில் பட்டயம் பெற்றவர். கனிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சலைன் கம்பியால் மண்டையைப் பிளந்தார்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவர் திருப்பி அடித்தார். அதனால் அவரை மட்டும் எட்டுப் பேர் சேர்ந்து அடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நிர்வாகம் உட்கார்ந்து யோசித்தது. பேசத் தெரிந்தவனும் வேண்டாம், அடிக்கத் தெரிந்தவனும் வேண்டாம், நழுவத் தெரிந்தவன்தான் வேண்டும். எதிராளி எல்லைக்குள் பாடிக்கொண்டே போய், ஒருத்தனைத் தொட்டுவிட்டு, முழு உடம்போடு கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்புகிறவன். அப்படியாக இருபத்தொன்பது வயதுக் கபடிக்காரனுக்கு மருத்துவத் துறையில் இடம் கிடைத்தது.

முதல் நாள் ஜெபராணி அவனை உள்ளே கூட்டிப்போய் இயந்திரத்தைக் காட்டினாள். அதை ஓட்டுகிறவள் அவள்தான். மார்த்தாண்டத்துக்காரி. எதையும் குரலை உயர்த்தாமல் சொல்கிறவள்.

“பாக்கதுக்கு சாதா எம்ஆர்ஐ மாதிரிதான் இருக்கும், தம்பி. ஆனா இது படம் எடுக்கதுக்கு இல்ல. ஒட்டுக் கேக்கதுக்கு.”

“யார மேடம் ஒட்டுக் கேக்கும்?”

“கட்டிய. புத்துக்கட்டி வளரணும்னா புதுசு புதுசா செல்லுக்குச் சுவரு எழுப்பணும். அதுக்குக் கோலின்னு ஒரு சாமான் வேணும். வீடு கட்டுத எடத்துல செங்கல் குமிஞ்சு கெடக்கும்லா, அது மாதிரி. ஆள இந்தக் காந்தத்துக்குள்ள படுக்க வச்சா, கத்தி வைக்காண்டாம், ஊசி குத்தாண்டாம், உள்ள எவ்வளவு செங்கல் கெடக்குன்னு இந்தக் கோடு சொல்லிரும்.”

திரையில் ஒரு கோடு தரையோடு ஓடி, ஓரிடத்தில் பனை மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றது.

“மொத டோஸ் மருந்து போடுவோம். மறுநாளே இங்க கொண்டாந்து படுக்க வைப்போம். இந்தக் கோடு விழுந்துருச்சுன்னா மருந்து வேல செய்யுது. மிச்சம் அஞ்சு டோஸும் அரசாங்கமே போடும். விழலைன்னா மருந்து கேக்காது. சும்மா முடி கொட்டி, வாந்தி எடுத்து, அந்த மனுசன எதுக்குச் சித்திரவத பண்ணணும்? ஆறுதல் வார்டுக்கு அனுப்பிருவோம்.”

“அங்க என்ன குடுப்பாவ?”

“ஆறுதல்.”

“மெஷினு தப்பாச் சொல்லிட்டுன்னா?”

“விழலைன்னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா இருக்கும். எந்த டாக்டரு அப்பிடிச் சொல்லுவாரு, சொல்லு பாப்போம்.”

வீண்மருந்துத் தவிர்ப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு மனிதாபிமான விதியும் உண்டு. முடிவை நோயாளியின் வீட்டாருக்கு ஒரு மனிதன் நேரில் நின்று, வாயால், எளிய தமிழில் சொல்ல வேண்டும். கேட்டவர் முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்புச் சீட்டில் கையெழுத்து விழும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டர்கள் சொல்லலாமே என்றால், டாக்டர்களின் கை விலைமதிப்பற்றது, உடைந்தால் நாட்டுக்கு நஷ்டம்.

எளிய தமிழ் என்று மேலிடம் அனுப்பியிருந்த வாசகம், ‘கோலின் உச்ச வீழ்ச்சி எதிர்பார்க்கப்பட்ட அளவில் காணப்படவில்லை’ என்பது. முதல் நாள் ஆவுடையப்பன் அதை அப்படியே ஒப்பித்தான். எதிரே நின்றவர், “இது நல்லதா கெட்டதா?” என்று கேட்டார். கெட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறுநாளே அவன் வாசகத்தைச் சுருக்கிவிட்டான். நல்லது என்றால் ‘விழுந்துருச்சு’. கெட்டது என்றால் ‘விழல’. சொல் குட்டையாக இருந்தால் கதவை எட்டுவதற்கு ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரே மாதத்தில் அந்தக் கூடம் முழுக்க அந்தப் பாஷைக்குப் பழகிவிட்டது. விழுந்தா பொழைச்சாச்சு என்று காலையில் வந்தவர்கள் மதியம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கோடு விழணும் தாயே என்று பெண்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். ஆவுடையப்பனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அவன் கதவைத் திறந்தால், “தீர்ப்பு வாரான்லே, எந்திரி” என்று எழுந்து நிற்பார்கள்.

பதினான்கு மாதம் அவனை அடித்தார்கள். செருப்பால், வாக்கரால், கோயிலுக்கு உடைக்க வைத்திருந்த தேங்காயால். ஒரு கல்லூரி மாணவி கடித்தாள். ஒரு தலைமை ஆசிரியர், அறைவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அவனிடம் கண்ணாடி இல்லை என்றதும் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு அறைந்தார். பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் ஒரு தடவைகூடப் போலீசுக்குப் போனதில்லை. அடித்தவர்கள் அடித்துக் களைத்து, தரையில் உட்கார்ந்து அழுது, பிறகு எழுந்து சிவப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் போகும்போது, “ரொம்ப வலிக்கா, தம்பி?” என்று கேட்டார்கள். அவனுடைய வலது விலாவில் இரண்டு எலும்புகள் இரண்டு தடவை உடைந்து கூடியிருந்தன. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதே எடத்துல இன்னொண்ணு வாங்குனீருன்னா எலும்பு நுரையீரல்ல ஏறிரும் வே. அப்பறம் உமக்கே ஒருத்தர் வந்து முடிவு சொல்லணும்” என்றார்.

அதற்கு அடுத்த நாள்தான் சொர்ணம் வந்தாள்.

சொர்ணத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பீடி சுற்றுகிறவள். இடது மார்பில் கட்டி. புருஷன் கேரளாவில் டீக்கடை வேலை, லீவு கிடைக்கவில்லை. முதல் டோஸைத் தனியாகவே வந்து போட்டுக்கொண்டாள். மறுநாள் காந்தத்துக்குள் போகுமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வைத்தாள். தாலிக்கொடி, மூக்குத்தி, மெட்டி, நாலு கொண்டை ஊசி. எல்லாம் ஒரு நீல பிளாஸ்டிக் தட்டில், ‘சொர்ணம்’ என்று பெயர் ஒட்டி, கூடத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தன.

ஜெபராணி சீட்டை நீட்டினாள். சிவப்பு.

“விழல, தம்பி. அப்பிடியே நிக்குது.”

ஆவுடையப்பன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப்பார்த்தான். கவுண்டர் முன்னால் ஓர் ஆள் நின்றிருந்தான். நிலைவாசலில் குனிந்துதான் நுழைந்திருக்க வேண்டும், அவ்வளவு உயரம். மூன்று நாள் தாடி. மடித்துக் கட்டிய லுங்கி. சட்டைக்கு உள்ளே, முதுகோடு சேர்த்து, கழுத்திலிருந்து இடுப்புவரை நீளமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. முதுகெலும்பு அவ்வளவு நேராக யாருக்கும் இருப்பதில்லை.

அப்போது ஆவுடையப்பன் ஒரு முடிவு எடுத்தான். வீர முடிவு ஒன்றுமில்லை. இன்றைக்கு மட்டும் பொய் சொல்லிவிடுவது. விழுந்துருச்சு என்று சொன்னால் ஆள் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுவான். பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிடலாம். சிவப்புச் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது அடுத்து வருகிறவன் பாடு. அவன் விலா எலும்பு அவனுக்கு.

சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“சொர்ணத்தோட ஆளு யாரு?”

“நாந்தான். அதோட தம்பி, மாசானம். நாக்பூர்லேர்ந்து லாரிய நேரா இங்கதான் விட்டேன். எக்கா எங்க?”

ஆவுடையப்பன் சிரித்தான். பதினான்கு மாதமாகப் பணி நேரத்தில் சிரித்துப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் கோணலாக வந்தது.

“விழுந்துருச்சு, அண்ணாச்சி.”

மாசானம் மூன்று நாளாக ரோட்டில் இருந்தவன். கூடத்துப் பாஷை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போதாததற்கு, அவர்கள் ஊரில் வீட்டுப் பெண்களைப் பாசமாகச் சொல்லும்போது ‘அது’ என்றுதான் சொல்வார்கள். அது வந்துச்சு, அது சாப்பிட்டுச்சு, அது தூங்கிருச்சு.

“எங்கன விழுந்துச்சு?” என்றான் மெதுவாக.

“உள்ளதான், மெஷின்ல.”

மாசானத்தின் கண் கவுண்டர் மேல் போனது. நீலத் தட்டு. பெயர். அக்காவின் தாலி. அக்காவின் மூக்குத்தி.

“எல்லாத்தையும் கழத்தியாச்சா?”

“கழத்தாம உள்ள விட மாட்டாவ. இனிமே ஒரு கவலையும் இல்ல அண்ணாச்சி. சுத்தமா விழுந்துருச்சு. ஒரே நாள்ல. இவ்வளவு சீக்கிரம் விழும்னு நாங்களே எதிர்பாக்கல.”

“சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதியே நாயே!” என்றான் மாசானம். கை கழுத்துக்குப் பின்னால் போயிற்று. அரிவாள் வெளியே வந்தது.

முதல் வெட்டு இடது தோளில் இறங்கி எலும்பைத் தொட்டு நின்றது. வலி வருவதற்கு முன்பே ஆவுடையப்பன் உடம்பு வளைந்துவிட்டது. இரண்டாவது வெட்டு கவுண்டரைப் பிளந்தது, தட்டு பறந்து மெட்டி ஒரு பக்கமும் மூக்குத்தி ஒரு பக்கமும் தெறித்தன. கூடத்தில் இருந்த நாற்பது பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர், “ஏ, நல்ல சேதியத்தானய்யா சொல்லுதான்!” என்று கத்தினார். மாசானத்துக்கு அது கேட்கவில்லை. ஆவுடையப்பன் ஓடினான். ஓடத் தெரிந்த ஒரே திசை கோட்டுக்கு அந்தப் பக்கம். காந்த அறையின் கதவு திறந்திருந்தது. தரையில் சிவப்புப் பட்டை, ‘இதற்கு மேல் இரும்பு கூடாது’ என்று எழுதியிருந்தது. அவன் அதைத் தாண்டி விழுந்தான். மாசானமும் தாண்டினான்.

அந்த இயந்திரம் ஆள் பார்க்காது. யார் பக்கம் நியாயம் என்றும் பார்க்காது. இரும்பு வந்தால் இழுக்கும். ஓங்கிய அரிவாள் மாசானத்தின் பிடியை உருவிக்கொண்டு கிளம்பியது. கிளம்பும்போது அவன் உள்ளங்கைச் சதையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. வழியில் எழுந்திருக்கப் பார்த்த ஆவுடையப்பனின் வலது காதில் மேல்பாதியை எடுத்துக்கொண்டது. பிறகு இயந்திரத்தின் வாயில் போய், கோயில் மணி மாதிரி ஒரு சத்தத்தோடு ஒட்டியது. அதன் பின்னாலேயே மாசானத்தின் சட்டைப்பையைக் கிழித்துக்கொண்டு லாரிச் சாவியும் போனது.

ஒட்டுக் கேட்கிற இயந்திரத்தின் வாயில் காது கிடந்தது.

ரத்தத்தில் வழுக்கிக்கொண்டே மாசானம் வெறும் கையால் அவன் கழுத்தை நெரிக்க ஆரம்பித்தபோது, உடை மாற்றும் அறையின் திரை விலகியது. ஆஸ்பத்திரி அங்கியைப் பின்முன்னாக மாட்டிக்கொண்டு சொர்ணம் வெளியே வந்தாள்.

“ஏல மாசானம்? எப்பம்ல வந்த? சாப்ட்டியா?”

மாசானம் அக்காவைப் பார்த்தான். தாலியில்லாத கழுத்தைப் பார்த்தான். அந்தக் கழுத்துக்கு மேலே வாய் பேசுவதைப் பார்த்தான். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் உண்மையிலேயே மயங்கி விழுந்தது அவன் ஒருவன்தான். தலை தரையில் மோதி மூன்று தையல்.

அரிவாளைப் பிடுங்க எட்டு லோடுமேன்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். ஆவுடையப்பனுக்கு முப்பத்தொரு தையல். இயந்திரத்துக்கு ஒரு கீறல். கீறலை விசாரிக்க மூன்று டாக்டர்கள் அடங்கிய குழு அன்று மாலையே அமைக்கப்பட்டது. அரசு உடைமை சேதமாகிவிட்டதால் இந்த முறை நிர்வாகத்தால் போலீசுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மாசானத்தைப் பிடித்துப் போனார்கள். ஆவுடையப்பனின் சட்டையையும் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்கள். சட்டைப்பையில் ரத்தத்தில் நனைந்து, கையெழுத்து விழாத சிவப்புச் சீட்டு இருந்தது.

அங்கேதான் சட்டம் தன்னை அறியாமல் ஒரு காரியம் செய்தது. சீட்டு கோர்ட்டில் இருக்கிறது. கையெழுத்து வாங்க முடியாது. நகல் எடுத்து வாங்கினால் அது சாட்சியைத் திரித்த குற்றம் என்று அரசு வக்கீல் எழுதிவிட்டார். கையெழுத்து இல்லாமல் மருந்தை நிறுத்தினால் மனிதாபிமான விதியை மீறிய குற்றம். ஆகவே வழக்கு முடியும்வரை, குற்றவாளியின் அக்காவுக்கு மருந்து தொடர வேண்டியது.

மூன்று வாரம் கழித்து, தோளில் கட்டோடு படுத்திருந்த ஆவுடையப்பனைப் பார்க்க சொர்ணம் வந்தாள். தலையில் முடி பாதி கொட்டியிருந்தது.

“ரெண்டாவது டோஸும் போட்டாச்சு, தம்பி. எந்தம்பிய மன்னிச்சிரு. மூக்குக்கு மேல கோவம், மூளைக்கு மேல பாசம். சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான்.”

“பரவால்ல எக்கா.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “சீட்டப் போலீசுல வாங்கிட்டுப் போய்ட்டாவ. நானும் பாக்கல, அவனும் பாக்கல. ஒங்கிட்டதான் கேக்கணும். விழுந்துருச்சுன்னு சொன்னியே. அது நெசமா?”

அவன் பாதிக் காதைக் கட்டுக்கு மேலாகத் தடவினான்.

“நெசந்தான் எக்கா.”

பொய்யைச் சொல்லியாயிற்று. இனி அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். வழக்கு முடிந்து சீட்டு திரும்பி வந்தால், கையெழுத்து வாங்கி இவளுக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் ஆவுடையப்பன் சாட்சி சொல்லப் போகவில்லை. முதல் வாய்தாவுக்குக் காய்ச்சல். இரண்டாவதுக்கு ஊர்க் கோயிலில் கொடை விழா. மூன்றாவதுக்குக் கோர்ட் வாசல்வரை போய், படியில் தானே விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டான். பதினைந்து நாளில் ஜாமீனில் வந்திருந்த மாசானம் அங்கேயே அவனை மடக்கினான்.

“அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். மன்னிப்பு எழுதித் தாரேன். ராசியாப் போயிருவோம்.”

“ராசிக்கு வர மாட்டேன்.”

“ஒம்ம காலுல வேணாலும் விழுதேன்.”

“விழாதேயும். வாய்தாவுக்கு மட்டும் வந்துக்கிட்டே இரும்.”

“என்ன மனுசன் வே நீரு? மனசுல வெசத்த வச்சிக்கிட்டுக் கொல்லுதீரே!” என்று மாசானம் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அதற்குத் தனியாக ஒரு வழக்குப் பதிவாகி, வாய்தா இன்னும் ஆறு வாரம் தள்ளிப்போனது. ஆவுடையப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறினான்.

சொர்ணத்துக்கு ஆறாவது டோஸ் முடிந்து பத்து நாள் கழித்து, வேலைக்குத் திரும்பியிருந்த அவனை ஜெபராணி உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். திரையில் சொர்ணத்தின் பெயர்.

“கோடு எங்க மேடம்?”

“இல்ல. தரையோட தரையாக் கெடக்கு. கட்டியும் கைக்குத் தட்டுப்படல.”

“அப்ப மொதல்ல விழலைன்னு சொல்லிச்சே?”

“மறுநாளு விழல. அதுக்குப் பொறவு எப்பமோ விழுந்திருக்கு. சிலருக்கு நாலாம் நாளு விழும் போல. சிலருக்கு ரெண்டாவது டோஸுக்கு.”

“அப்ப நாலு நாளு பொறுத்துப் பாத்தா என்ன?”

“நாலு நாளு வச்சிருக்க பெட்டு எங்க இருக்கு? மறுநாளே பாத்து மறுநாளே அனுப்பணும்னு கமிட்டியில எழுதிட்டாவ.”

“நூத்துக்குத் தொண்ணூத்தேழுன்னு சொன்னியளே!”

ஜெபராணி மேசை இழுப்பறையிலிருந்து ஆண்டறிக்கையை எடுத்தாள். அவள் குரல் எப்போதும்போல் உயரவில்லை.

“நானும் அது எப்பிடிப் போட்டாவன்னு இப்பந்தான் பாத்தேன். விழலைன்னு சொன்னது நானூறு பேருக்கு. ஒரு வருசத்துல முந்நூத்தி எம்பத்தெட்டு பேரு செத்தாச்சு. மெஷின் சொன்ன மாதிரியே நடந்துருச்சு. அதத்தான் தொண்ணூத்தேழு சரின்னு போட்டிருக்கு.”

ஆவுடையப்பன் கபடிக்காரன். கணக்கு அவனுக்கு மெதுவாகத்தான் ஏறும். ஏறியது.

“மருந்து போட்டும் செத்தாவளா?”

“மருந்து எங்க போட்டோம்?”

ஆவுடையப்பன் அறிக்கையை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான்.

“மிச்சம் பன்னெண்டு பேரு?”

“அவிய விலாசத்த எல்லாம் தேடிப் புடிச்சுக் கேட்டேன். பன்னெண்டு பேரும் திருவனந்தபுரம் போய் சொந்தமா மருந்து போட்டுக்கிட்டவிய. அறிக்கையில அவியளத்தான் ‘பிழை’ன்னு போட்டிருக்கு.”

“யாருட்டயாவது சொன்னியளா?”

“டீனுக்கு எழுதினேன். ஊழியருக்கு மன அழுத்தம்னு குறிப்பெழுதி, மூணு நாளு யோகா வகுப்பு போட்டிருக்காவ. நாளைக்கு ஆரம்பம்.”

நானூறு பேரில் எத்தனை பேருக்குத் தான் வாயைத் திறந்தோம் என்று ஆவுடையப்பன் எண்ணிப்பார்க்க ஆரம்பித்து, அந்தத் தலைமை ஆசிரியரின் முகத்தில் வந்து நின்றுவிட்டான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அறைந்தவர். பத்து நிமிஷம் கழித்து நடுங்காத கையெழுத்தாகப் போட்டுக்கொடுத்தார். அவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயது.

அடித்தவர்கள் எல்லோரும் சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டதுதான் தப்பு.

திங்கட்கிழமை காலை முதல் பெயர், முத்தாரம். புருஷன் பிச்சையா, சங்கரன்கோவில் பக்கம் தையல்காரர். ஒல்லியான மனிதர், சட்டைக் காலரில் ஊசி குத்தியிருந்தது. முத்தாரம் அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி. ஆவுடையப்பன் கையில் சிவப்புச் சீட்டு. அவன் வழக்கம்போல் கதவோரம் நிற்கவில்லை. கூடத்து நடுவில் வந்து நின்றான்.

“விழல.”

பிச்சையா கும்பிட்டார். பிறகு, “சரிங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். எங்கன கையெழுத்து போடணும்?” என்று தன் பேனாவையே எடுத்தார்.

“போடாதேயும்.”

“பொறவு?”

“என்னைய அடியும்.”

பிச்சையா சுற்றிலும் பார்த்தார். வேறு யாரிடமோ சொல்கிறார்கள் என்று நினைத்தார்.

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினான். “நல்லாக் கேட்டுக்கிடும். நீரு அடிச்சா கேஸு. ஆஸ்பத்திரி புகார் குடுக்காது, நான் குடுப்பேன். ரெத்தம் பட்ட சீட்ட போலீசு கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிரும். சீட்டுல கையெழுத்து இல்லாம இவிய மருந்த நிறுத்த முடியாது. கேஸு முடியதுக்குள்ள ஆறு டோஸும் ஏறிரும். உம்ம வீட்டுக்காரி பொழைப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பொழைச்சாலும் பொழைக்கலாம். இந்தச் சீட்டுல அதுகூட இல்ல.”

“செயிலுக்குப் போணுமா சார்?”

“பதினஞ்சு நாளு. தைக்கக் குடுத்த துணிய ஆருட்டயாவது ஒப்படச்சிரும்.”

பிச்சையா பேனாவைப் பையில் வைத்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியிலேயே தளர்ந்து, ஆவுடையப்பனின் தோளிலிருந்து முழங்கைவரை அளவெடுப்பதுபோல் இறங்கியது.

“கை வர மாட்டேங்குது சார். இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்ல.”

“இத வச்சி கேஸு நிக்காது வே. ரெத்தம் வரணும்.” ஆவுடையப்பன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “அடியும்! உம்ம பொண்டாட்டியக் கொல்ல வந்திருக்கேன். கையெழுத்து போட்டுட்டுப் போயி காரியத்துக்குத் துணி தைக்கப் போறீரா?”

பிச்சையா அழ ஆரம்பித்தார்.

“நான் அடிச்சா செல்லுமா?” என்றது ஒரு குரல்.

முத்தாரம் எழுந்து நின்றிருந்தாள். ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான். சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

“செல்லும் எக்கா. நோயாளியப் புடிச்சு உள்ள போடவும் மாட்டாவ.”

அவள் தூக்குச்சட்டியைத் திறந்து மேலடுக்கில் இருந்த இட்லியைப் பெஞ்சில் ஒரு தாளை விரித்துக் கொட்டினாள். சாப்பாட்டை வீணாக்குகிற பழக்கம் இல்லை. கொக்கியை மாட்டி இறுக்கினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பிலிருந்து சுழற்றினாள்.

எவர்சில்வர் அவன் வாயில் வந்து முடிந்தது. உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று தரையில் உருண்டது. பதினான்கு மாத அனுபவத்தில் அந்த அடி முதல் மூன்று இடங்களுக்குள் வரும். அவன் முழங்காலில் சரிந்து, வாயிலிருந்து கொட்டிய ரத்தத்தைச் சிவப்புச் சீட்டில் ஏந்தினான். கையெழுத்துப் போடுகிற இடம் மறைந்து போகும்வரை ஏந்தினான்.

“நிக்கும்,” என்றான். “கேஸு நிக்கும்.”

ஜெபராணி போனை எடுத்துப் போலீசுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்னால் இருந்த ஓர் ஆள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு முன்னால் வந்தான்.

“அண்ணாச்சி, எங்கம்மைக்கு இன்னும் சீட்டு வரல. இப்பமே அடிச்சு வச்சிரலாமா?”

“சீட்டு வந்த பொறவுதான். முந்தாதீங்க, வரிசையில நில்லுங்க.” ஆவுடையப்பன் தரையில் துழாவிப் பல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “வாயில மட்டும் இனிமே யாரும் அடிக்காதீங்க. பேரு கூப்பிடணும்லா.”